ட்ரெபிளில் கை வைத்தவன்

என் காரில் ஏறுகிறவர்கள் எதை வேண்டுமானாலும் செய்யலாம். ஏசியைக் கூட்டலாம், சீட்டைப் பின்னால் சாய்த்துக் குறட்டை விடலாம், கண்ணாடியை இறக்கி வேர்க்கடலைத் தோலை ஊதித் தள்ளலாம். பாட்டு ஓடுகிற ஸ்டீரியோவில் மட்டும் கை வைக்கக் கூடாது. வீட்டு ஆட்களுக்கும் இதே சட்டம்தான். அதனாலேயே என் மனைவி பல வருடங்களாகப் பின்சீட்டில் உட்கார்ந்து வருகிறாள். முன்னால் உட்கார்ந்தால் கையும் சும்மா இருக்காது, வாயும் சும்மா இருக்காது, எதற்கு வம்பு என்பாள். முன்சீட்டு வேறு ஒருவனுக்கு ஒதுக்கியாகிவிட்டது. என் சட்டத்தை மீறி ஸ்டீரியோவைத் தொடுகிற உரிமையும் அவன் ஒருவனுக்குத்தான் இருந்தது. அதை நானேதான் கொடுத்தேன்.

அவன் என்னோடு வேலை பார்த்தவன். என்னைவிட நான்கைந்து வயது சின்னவன், தொரப்பள்ளிக்காரன். நான் அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து ஓசூரிலேயே தங்கிவிட்டவன். எங்கள் தொழிற்சாலை சூளகிரியைத் தாண்டி இருந்தது. கம்பெனி பஸ் உண்டு. ஆனால் அது ஊரில் உள்ள சந்துபொந்தெல்லாம் நுழைந்து ஆளை அள்ளிக்கொண்டு ஹைவேக்கு வருவதற்குள் ஒரு தூக்கமே முடிந்துவிடும். பழைய கார் ஒன்றை வாங்கியதும் பஸ்ஸுக்குக் கும்பிடு போட்டேன். தொரப்பள்ளிக்குப் பிரிகிற இடத்தில் அவன் டிபன் பையோடு நிற்பான். வண்டி முழுதாக நிற்பதற்குள் கதவைத் திறந்து ஏறிவிடுவான். வருடக்கணக்காக இப்படித்தான் போய்வந்தோம்.

காரோடு வந்த ரேடியோ எனக்குப் பிடிக்கவில்லை. பாகலூர் ரோட்டில் காருக்கு அலங்காரச் சாமான் விற்கிற கடை ஒன்றில் புதுசாக ஒரு செட் மாட்டினேன். தொட்டால் வேலை செய்கிற திரை. அதில் ஈக்வலைசர் என்று ஒரு படம் இருந்தது. பாஸ், மிட், ட்ரெபிள் என்று மூன்று கோடுகள். விரலால் மேலே தள்ளினால் ஏறும், கீழே இழுத்தால் இறங்கும். நடுவில் பூஜ்யம். மேலே ஏழு வரை, கீழே மைனஸ் ஏழு வரை. கடைக்காரர் மூன்றையும் நடுவில் வைத்து, “இதுதான் சார் நேச்சுரல், இதைத் தொடாதீங்க” என்று சொல்லி அனுப்பினார். தொடாமல் இருப்பதற்கா பணம் கொடுத்து வாங்கினேன்? வீடு வந்து சேர்வதற்குள் மூன்றையும் மாற்றிவிட்டேன்.

தவில், ட்ரம், மிருதங்கத்தின் இடது பக்கம், இதெல்லாம் பாஸில் ஏறும். பாடுகிறவரின் குரல் நடுவில் இருக்கும். ஜால்ரா, சலங்கை, புல்லாங்குழலின் மேல் ஸ்தாயி, பாடகி ‘ச’ என்று சொல்லும்போது வருகிற காற்று, இவையெல்லாம் ட்ரெபிள். எனக்கு ட்ரெபிள் பைத்தியம். சலங்கை விழ வேண்டிய இடத்தில் விழவில்லை என்றால் பாட்டையே நிறுத்திவிடுவேன். அவன் பாஸ் கட்சி. “பாஸ் இல்லாம பாட்டு கேக்கறது கொழம்பு இல்லாம களி திங்கற மாதிரிங்ணா” என்பான். சொல்லிக்கொண்டே பாஸ் கோட்டை மேலே தள்ளுவான். கதவுப் பிளாஸ்டிக் அதிரும். நான் அவன் கையைத் தட்டிவிட்டு ட்ரெபிளை ஏற்றுவேன். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு காதைத் தேய்ப்பான். சூளகிரி மலை கண்ணில் படுகிறவரை இந்தச் சண்டை ஓடும். இரண்டு ஆண்பிள்ளைகள் நாற்பது வயதுக்கு மேல் செய்கிற வேலையா என்று என் மனைவி கேட்டிருக்கிறாள். எனக்கு அந்த நாளில் அதைவிட நல்ல நேரம் கிடையாது.

முதலில் இரண்டில் இருந்த ட்ரெபிள் அடுத்த வருடம் நான்குக்குப் போனது. பிறகு ஐந்து. பிறகு ஏழிலேயே நின்றுவிட்டது. அதற்கு மேல் கோடு இல்லை. அப்போதும் பாட்டு எனக்குக் கம்பளிக்குள்ளிருந்து வருவது போலத்தான் இருந்தது. இந்தக் காலத்தில் எவனுக்கும் பாட்டு பதியத் தெரியவில்லை என்று திட்டிக்கொண்டு அதே கடைக்குப் போனேன். ட்வீட்டர் என்கிற சின்ன ஸ்பீக்கர் இரண்டைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் புதிதாக மாட்டச் சொன்னேன். மாட்டிவிட்டுப் பாட்டைப் போட்டுக் காட்டிய கடைக்காரர் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “சார், இந்தக் கீச்சுக்கு நாய்கூட ஏறாது சார்” என்றார். “உமக்கு ரசனை இல்லை” என்று சொல்லிவிட்டு வந்தேன். என் காது என்ன காது என்று அந்த ஆளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படி நினைத்துக்கொள்ள எனக்கு உரிமை இருந்தது. காதுதான் எனக்குச் சோறு போட்டது. எங்கள் தொழிற்சாலையில் கியர்பாக்ஸ் செய்கிறார்கள். லைனில் எல்லாவற்றையும் பூட்டி முடித்த பிறகு, கடைசியில் ஒரு கண்ணாடி அறைக்குள் அனுப்புவார்கள். அந்த அறைக்கு சவுண்ட் ரூம் என்று பெயர். உள்ளே மோட்டாரில் பூட்டி ஓட்டி, ஒவ்வொரு கியராக மாற்றி, சத்தம் கேட்டுப் பார்க்க வேண்டும். பேரிங்கில் மணல் புகுந்திருந்தால் கரகரக்கும். கியர் பல்லில் அடிபட்டிருந்தால் சுற்றுக்கு ஒரு முறை டிக்கென்று தட்டும். பல் வெட்டியதில் மயிரிழை கோணல் இருந்தால் விசில் மாதிரி ஒரு ஊளை வரும். அதற்கு மீட்டர், மைக் எல்லாம் உண்டு. ஆனாலும் மீட்டர் சந்தேகப்பட்டால் என் காது சொல்வதுதான் முடிவு. நல்லது என்று பட்டால் கியர்பாக்ஸின் கூட்டின் மேல் பச்சைப் பெயிண்டில் ஒரு புள்ளி வைப்பேன். என் புள்ளி விழாமல் ஒரு பெட்டியும் வெளியே போகாது. சவுண்ட் ரூமுக்கு நான் போன நாளிலிருந்து எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது என்பது உண்மைதான். இருக்கட்டும், அந்தத் தொழிற்சாலையில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

அவன் அந்த லைனின் கடைசியில் நின்றான். பூட்டி முடித்ததைத் தூக்கி என் அறைக்குள் தள்ளிவிடுவது அவன் வேலை. நான் லீவில் போனால் எனக்குப் பதில் உள்ளே வருவதும் அவன்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையால் கேட்பான், நான் கையால் பதில் சொல்வேன். டீ குடிக்கப் போகலாமா என்பதற்கு ஒரு சைகை, சூப்பர்வைசர் வருகிறார் என்பதற்கு ஒரு சைகை. எட்டு மணி நேரம் வாயைத் திறக்காமல் பேசிக்கொண்டிருப்போம்.

வெறும் வேலைச் சிநேகிதமும் இல்லை. அவன் மனைவிக்குக் கூடப்பிறந்த ஆண் கிடையாது. அவன் மகளுக்கு ஓசூர் மலைக்கோயிலில் காது குத்தியபோது மாமன் மடியில்லாமல் எப்படி என்று பேச்சு வந்தது. அவர்கள் வீட்டில் தெலுங்கு, ஜாதியும் வேறு. அவன் யாரையும் கேட்கவில்லை. “இவருதான் தாய்மாமன்” என்று என்னைக் கொண்டுபோய் பலகையில் உட்கார வைத்தான். குழந்தை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அலறியது. அவன் சொந்தக்காரர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்கள். அன்றைக்கு நான் ஊரை விட்டு வந்தவன் என்கிற எண்ணமே எனக்கு விட்டுப்போனது.

ஓசூரில் இருப்பவர்களுக்கு ஒன்று தெரியும். இங்கே யார் எந்த நேரத்தில் எந்த மொழிக்குத் தாவுவார்கள் என்று சொல்ல முடியாது. அவனே வீட்டில் தெலுங்கு, காய்கறி மண்டியில் கன்னடம், என்னிடம் தமிழ், சூப்பர்வைசரிடம் இங்கிலீஷ். ஒரே வாக்கியத்தில் நாலும் வந்துவிடும். வெளியூரிலிருந்து வந்த என்னைப் போன்றவன் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை “என்ன?” என்று கேட்பான். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பாஷை தெரியாதவன் என்று இன்னொரு முறை சொல்லிவிட்டுப் போவார்கள். புரியாவிட்டால் தலையாட்டிச் சிரித்துச் சமாளிக்கவும் நாங்கள் பழகியிருப்போம். என் தெருவில் இருக்கிறவர்கள் கொஞ்ச நாளாகக் கன்னடமே பேசுகிறார்கள் என்று நான் மனைவியிடம் சொன்னேன். அப்படி ஒன்றும் தெரியவில்லையே என்றாள். உனக்கு எல்லா பாஷையும் ஒன்றுதான் என்று அவளைக் கிண்டல் செய்தேன்.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் காலையில்தான் அது நடந்தது. பனிமூட்டம் போட்டிருந்தது. முன்னால் தக்காளி ஏற்றிய வண்டி ஒன்று ஆமையாகப் போய்க்கொண்டிருந்தது. அவன் ஏறியதிலிருந்து பாஸிலும் கை வைக்கவில்லை, ட்ரெபிளிலும் கை வைக்கவில்லை. வெகுநேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தவன் திடீரென்று ஏதோ சொன்னான். சின்னதாக இல்லை, நீளமாகவே சொன்னான். பாட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு வார்த்தை பிடிபடவில்லை.

“யோவ், உன் தெலுங்கை வீட்டோட வெச்சுக்க. எனக்குத் தமிழ்ல சொல்லு” என்றேன்.

அவன் என் பக்கம் திரும்பினான். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தான். பிறகு சிரித்தான்.

“ஒண்ணுமில்லீங்ணா. வண்டிய பாத்து ஓட்டுங்க” என்றான். இதை மட்டும் சத்தமாகச் சொன்னான்.

அதற்குப் பிறகு அவன் கட்சி மாறினான். பாஸை விட்டுவிட்டு ட்ரெபிளுக்கு வந்தான். ஏறி உட்கார்ந்ததும் திரையில் ஈக்வலைசரைத் திறந்து ட்ரெபிளை ஒரு புள்ளி இறக்குவான். “இப்ப சலங்க கேக்குதாங்ணா?” என்பான். இல்லை என்பேன். மறுபடி ஏற்றுவான். “இப்ப?” என்பான். இப்போது கேட்கிறது என்பேன். இன்னொரு பாட்டைப் போட்டு, புல்லாங்குழல் எங்கே ஆரம்பிக்கிறது என்று விரலைத் தூக்கிக் காட்டச் சொல்வான். நான் தூக்குவேன். அவன் தலையை ஆட்டிக்கொள்வான். இத்தனை வருடம் கழித்து ஆளுக்கு ரசனை வந்துவிட்டது என்று எனக்கு ஒரே குஷி. எந்தப் பாட்டில் எந்த இடத்தில் ஜால்ரா வரும் என்றெல்லாம் அவனுக்கு விளக்கம் சொன்னேன். சில சமயம் நான் ஜால்ரா என்று சொல்கிற இடத்துக்கு முன்னாலேயே அவன் காது கூசிக் கண்ணைச் சுருக்குவான். அதையும் ரசனையின் கணக்கில்தான் சேர்த்தேன்.

இடது பக்க இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு அணைக்க மறந்துவிடுவேன். அது டிக் டிக்கென்று அடித்துக்கொண்டே இருக்குமாம். அவன் ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டி அணைத்துவிடுவான். என்ன பொறுப்பான ஆள் என்று அதையும் மெச்சிக்கொண்டேன். என்னை மாதிரி ஒரு மடையனை அவன் எங்கே போய்த் தேடியிருப்பான்.

வருடத்துக்கு ஒரு முறை கம்பெனிக்கு மருத்துவ வண்டி வரும். அதில் காதும் பார்ப்பார்கள் என்றுதான் பேர். பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடும், வரிசையில் ஆட்கள் நிற்பார்கள், “கேக்குதா? ஓகே, அடுத்த ஆளு” என்று தள்ளிவிடுவார்கள். அந்த வருடமும் அப்படித்தான் முடிந்திருந்தது. அது முடிந்த பிறகும் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, கம்பெனி காரிலேயே ஓசூரில் ஒரு காது டாக்டரிடம் அனுப்பினார்கள். சவுண்ட் ரூமில் இருப்பதால் தனி கவனிப்பு போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு போனேன்.

அடைத்த அறையில் உட்கார வைத்து ஒரு பெண் ஹெட்போன் மாட்டினாள். சத்தம் கேட்டால் விரலைத் தூக்குங்கள் என்றாள். முதலில் ஊம் ஊம் என்று கட்டைச் சத்தங்கள் வந்தன. எல்லாவற்றுக்கும் விரலைத் தூக்கினேன். அப்புறம் ஒன்றும் வரவில்லை. மெஷினில் ஏதோ மாற்றுகிறாள் என்று காத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் என்னையே பார்த்துக்கொண்டு பட்டன்களை அழுத்திக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம்தான் காத்திருப்பது? கடைசியில் உள்ளே வந்து ஹெட்போனைக் கழற்றினாள்.

“மெஷின் நின்னு போச்சாம்மா?” என்று கேட்டேன்.

“இல்ல சார். முடிஞ்சுது” என்றாள்.

டாக்டர் என் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, நிதானமாக, சத்தமாகப் பேசினார். கட்டைச் சத்தம் உங்களுக்கு நன்றாகக் கேட்கிறது, கீச்சுச் சத்தம்தான் இரண்டு காதிலும் போய்விட்டது, வருடக்கணக்கில் இரைச்சலில் வேலை பார்த்தவர்களுக்கு இப்படி ஆகும், போனது திரும்பாது, காதில் மெஷின் வைத்துச் சமாளிக்கலாம் என்றார். பேச்சு எனக்குக் கேட்கிறதே என்று சண்டைக்குப் போனேன். “கேக்கும் சார். ஆ, ஓ எல்லாம் கேக்கும். ச, த, ப இதெல்லாம் விழாது. யாரோ பேசறாங்கன்னு தெரியும், என்ன பேசறாங்கன்னு தெரியாது. தெரியாத பாஷை மாதிரி இருக்கும்” என்றார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. டாக்டர் வாங்குகிற ஃபீஸுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் அல்லவா என்றுதான் தோன்றியது.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். நல்ல மனிதர், யாரையும் நிற்க வைத்துப் பேச மாட்டார். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். வாடிக்கையாளரிடமிருந்து ஊளைச் சத்தத்தோடு மூன்று பெட்டிகள் திரும்பி வந்திருக்கின்றன, மூன்றிலும் என் பச்சைப் புள்ளி இருக்கிறது என்றார். என் மேல் நடவடிக்கை எதுவும் இல்லை, சம்பளம் குறையாது, பேக்கிங் பிரிவில் ஒரு இடம் இருக்கிறது என்றார். டீ என் கையிலேயே ஆறிப்போனது. மெஷின் வைத்துக்கொண்டு சவுண்ட் ரூமிலேயே இருக்கிறேன் சார் என்றேன். அவர் சங்கடப்பட்டார். அந்த இடத்துக்கு ஆள் போட்டாயிற்று என்றார். யார் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் தோன்றவில்லை. வருடத்துக்கு ஒரு முறை வண்டியில் எல்லாம் சரியாகத்தானே இருந்தது, திடீரென்று என் காது எப்படி உங்கள் கண்ணில் பட்டது என்றுதான் கேட்டேன்.

“தப்பா எடுத்துக்காதீங்க” என்றார். “கார்லகூட ட்ரெபிளை ஏழுல வெச்சாதான் உங்களுக்குச் சலங்கை கேக்குதாமே. ஆறுல வெச்சா கேக்கலையாமே.”

என் காரில் ட்ரெபிள் எந்த எண்ணில் நிற்கிறது என்பது இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஆறுக்கும் ஏழுக்கும் இருக்கிற வித்தியாசம் என் மனைவிக்குக்கூடத் தெரியாது.

அந்த நாற்காலியிலிருந்து எப்படி எழுந்து வந்தேன் என்று நினைவில்லை. நினைவில் இருப்பதெல்லாம் அவமானம்தான். அவனுக்கு ரசனை வந்துவிட்டது என்று குஷிப்பட்டேனே, அது. புல்லாங்குழலுக்கு விரலைத் தூக்கிக் காட்டினேனே, அது. அந்த டாக்டரிடம் வேலை பார்க்கிற பெண் செய்ததை இவன் மாதக்கணக்காக என் காரிலேயே, என் பெட்ரோலிலேயே, என் பாட்டை வைத்தே செய்திருக்கிறான். மகளுக்குக் காது குத்த என் மடியைக் கேட்டவன் எனக்கும் சேர்த்துக் குத்திவிட்டான். ஊரார் செய்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, என் வேர்க்கடலையைத் தின்றுகொண்டே குழி பறித்தானே என்றுதான் ஆறவில்லை.

அன்று மதியம் சவுண்ட் ரூம் பக்கம் போனேன், என் சாமான்களை எடுக்க வேண்டியிருந்தது. கண்ணாடிக்கு உள்ளே அவன் இருந்தான். லைனின் கடைசியில் புதிதாக ஒருவன் நின்றான். உள்ளே இருந்தவன் என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கி ஏதோ சைகை காட்டப் போனான், பாதியில் நிறுத்திக்கொண்டான். எனக்குச் சாமானும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று திரும்பி வந்துவிட்டேன்.

சாயங்காலம் அவன் பஸ்ஸில் போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. எப்போதும் போலக் காருக்குப் பக்கத்தில் வந்து நின்றான். கதவைத் திறந்து ஏறி, டிபன் பையைக் காலடியில் வைத்துக்கொண்டான். வண்டியைக் கிளப்பியதும் பாட்டு தானாக ஆரம்பித்தது. அவன் ஸ்டீரியோவைத் தொடவில்லை. கொஞ்ச தூரம் போய், சர்வீஸ் ரோட்டில் ஓரமாக நிறுத்தினேன். பாட்டை அணைத்தேன்.

“மேனேஜர்ட்ட நீதானய்யா சொன்ன?”

“ஆமாங்ணா” என்றான்.

இல்லை என்று சொல்வான், நானும் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் என்று தயாராக இருந்தேன். அவன் அதற்கு இடம் வைக்கவில்லை.

“மூணு பாக்ஸ் திரும்பி வந்துடுச்சுங்ணா. எப்டியும் கண்டுபிடிச்சிருப்பாங்க. வேற யாராச்சும் போட்டுக் குடுத்து, உங்கள மெமோ கிமோன்னு அலைய வெச்சுட்டா? நான் சொன்னா மரியாதயா முடிஞ்சுடும்னு பாத்தேன்.” என் பக்கம் முழுதாகத் திரும்பி, வாயை நன்றாகத் திறந்து பேசினான். எனக்கு எப்படிப் பேசினால் புரியும் என்று அவனுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

“அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டறது மரியாதையா? ஏய்யா, தினமும் பக்கத்துல உக்காந்து வர்ற. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உனக்கு? நான் என்ன செத்தா போயிட்டேன்?”

“சொன்னேங்ணா.”

“என்னைக்குச் சொன்ன?”

“அன்னிக்கு, பனி போட்டிருந்துச்சே, தக்காளி வண்டி முன்னால போச்சே. அப்ப சொன்னேங்ணா. அண்ணா, உங்களுக்கு காது சரியா கேக்கறதில்ல, ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடுங்க, நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னு சொன்னேன். நீங்க தெலுங்குன்னு சொல்லிட்டீங்க.”

ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவன் தமிழில்தான் பேசியிருக்கிறான். என் சொந்த பாஷையில், என் நல்லதுக்கு ஒன்றைச் சொல்லியிருக்கிறான். நான் அதை வேறு பாஷை என்று தள்ளியிருக்கிறேன். டாக்டர் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளாக என் தெருவில் யாரும் கன்னடத்துக்கு மாறியிருக்கவில்லை. ஒரு கணம் அவன் மேல் இருந்த கோபமெல்லாம் வடிந்து, அழுதுவிடுவேன் போல ஆகிவிட்டது. அவன் தோளில் கை போட்டிருப்பேன், அப்படியே எல்லாவற்றையும் விட்டிருப்பேன். ஆனால் எனக்கு இன்னொன்று தோன்றியது.

“அதையே மறுபடி சொல்லியிருக்கலாமே. சத்தமாச் சொல்லியிருக்கலாமே. பாட்டை அமத்திட்டு, இப்ப பேசற மாதிரி மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமே. அதுக்கப்புறம் எத்தனை நாளு என்கூட வந்த? ஏன் சொல்லல?”

அவன் டிபன் பையின் ஜிப்பைத் திறந்து மூடினான். நான் வண்டியை எடுக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பதில் வேண்டும்.

“லைன்ல நின்னு நின்னு இடுப்பு போச்சுங்ணா” என்றான். “காலைல எந்திரிக்கறப்ப சொவத்த புடிச்சிட்டுதான் எந்திரிக்கறேன். நம்ம ஷாப்ல உக்காந்து செய்யற வேல அது ஒண்ணுதான். அன்னிக்கு நீங்க தெலுங்குன்னு சொன்னீங்க பாருங்க, அப்பதான் எனக்கு அது தோணுச்சு. அதுவரைக்கும் சத்தியமா தோணலீங்ணா. மறுபடி சொல்லியிருந்தா நீங்க டாக்டர்கிட்ட போயி மெஷின் மாட்டிக்கிட்டு வந்து அங்கயே உக்காந்திருப்பீங்க.”

இதை அவன் மெதுவாகத்தான் சொன்னான். ஆனாலும் ஒரு எழுத்து விடாமல் எனக்குக் கேட்டது. உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததால் இருக்கலாம்.

அவன் பொய் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் இடுப்பு வலி எனக்குத் தெரியாததா? எத்தனை நாள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். கேட்டிருந்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் அந்த ஸ்டூலில் அவனை உட்கார வைத்துவிட்டு நான் வெளியே நின்றிருப்பேன். சத்தியமாக நின்றிருப்பேன். அவன் என்னைக் கேட்கவில்லை. எனக்கு ஒரு தடவை, பாட்டு ஓடும்போது, ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான். மேனேஜரிடம் கதவைச் சாத்திக்கொண்டு, எண்ணோடு, தெளிவாகச் சொன்னான். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் ஏமாந்துபோனேன்.

வண்டியை எடுத்தேன். நடுவழியில் இறக்கிவிடலாமா என்று யோசித்தேன், இறக்கிவிடவில்லை. அவன் ஊருக்குப் பிரிகிற இடத்தில் நிறுத்தினேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவான் என்று பார்த்தால், திறந்திருந்த கண்ணாடி வழியாகக் குனிந்தான்.

“நாளைக்கு எத்தினி மணிக்குங்ணா?” என்றான்.

“என்ன?” என்றேன்.

“நாளைக்கு எத்தினி மணிக்கு வருவீங்க?” கொஞ்சம் குரலை உயர்த்தினான்.

“என்ன?”

அவன் தலையைக் காருக்குள் நீட்டி, வாயைப் பெரிதாகத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாகப் பிரித்துக் கத்தினான். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் முதல் தடவை கேட்டபோதே எனக்குக் காதில் விழுந்துவிட்டது. எனக்காக ஒரு விஷயத்தை மூன்று தடவை சொல்ல அவனால் முடியும் என்று மட்டும் தெரிந்துகொண்டேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, பதில் சொல்லாமல் வீட்டுக்கு வந்தேன்.